சொல்லக் கூச்சப்படும் இடத்தில் ஒரு கட்டி



கொஞ்சம் நீளமான பதிவு. பெண்களின் நோய் பற்றியது என்பதற்காக ஆண்கள் தாண்டிப் போய்விட வேண்டாம். கடைசி வரை வாசித்தால், பாதிக்கு மேல் உங்களுக்காகவே எழுதியது என்பது விளங்கும்.

மார்பகப் புற்றுநோய் பற்றி இப்போது ஊரில் ஓரளவு பேச்சு இருக்கிறது. ஒக்டோபர் மாதம் வந்தால் கருத்தரங்கு வைக்கிறோம், ரோசா நிற நாடா குத்துகிறோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றியும் கிளினிக்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல விடயம். ஆனால் பெண்ணுறுப்புகளோடு தொடர்புள்ள சில நோய்கள், நாம் எதிர்பார்க்கும் இடத்தில் வருவதில்லை. சிசேரியன் தழும்பில் கட்டியாக வரும். தொப்புளில் வரும். நெஞ்சில் நீராகவோ காற்றாகவோ வரும். மறைவிடத்தின் ஓரத்தில் ஆறாத புண்ணாக வரும். இவை அரிதானவைதான். ஆனால் அந்த அரிய நோய் நம் உம்மாவுக்கோ ராத்தாவுக்கோ வந்துவிட்டால், "அரிது" என்ற சொல்லால் எந்தப் பயனும் இல்லை.

நாங்கள் வைத்தியர்கள் இல்லை, பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். மருந்து சொல்ல வரவில்லை. ஒரே ஒரு கருத்தைச் சொல்ல வருகிறோம். இந்த நோய்களைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஸ்கேன் மெஷின் இல்லை. நோயாளியான பெண் தன் வாயால் சொல்லும் ஒரு வசனம். "மாதவிடாய் நாளில்தான் இது நோகுது டொக்டர்." "கரு கலைஞ்சு மூணு மாசம் டொக்டர்." "ரெண்டு வருசமா அந்த இடத்தில அரிப்பு டொக்டர்." இந்த வசனம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் வரை, மஹரகமவில் எவ்வளவு பெரிய மெஷின் இருந்தும் நம் பெண்களுக்கு அது தூரம்தான்.

தழும்பில் வரும் கட்டி

எங்களுக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் கதையை, அவருடைய அனுமதியோடு சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். மூன்று பிள்ளைகள், மூன்றும் சிசேரியன். கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது தழும்பின் ஓரத்தில் கச்சான் கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மாமி எண்ணெய் தடவச் சொன்னார். பாமசியில் கேட்டு அன்டிபயோட்டிக் குடித்தார். ஓர் இடத்தில் "உள்ளே தையல் நூல் நின்றிருக்கும்" என்றார்கள். இன்னோர் இடத்தில் "ஹேர்னியா மாதிரி இருக்கு" என்றார்கள். ஒன்றரை வருடம் போய்விட்டது. கட்டி தேசிக்காய் அளவுக்கு வந்தது.

கடைசியில் ஒரு பெண் டொக்டர், கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "மாதவிடாய் நாட்களில் இது கூடுதலா நோகுமா?"

"ஓம் டொக்டர். அந்த நாலு நாளும் கை வைக்க ஏலா."

"இதை ஏன் முதலே சொல்லல்ல?"

"யாரும் கேக்கல்ல. போன இடமெல்லாம் அவரும் மூத்த மகனும் பக்கத்தில நின்டாங்க."

பதினாறு வயது மகன் பக்கத்தில் நிற்கும்போது எந்த உம்மா தன் மாதவிடாயைப் பற்றிப் பேசுவாள்?

அவருக்கு இருந்தது புற்றுநோய் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்வார்கள். கருப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படை இருக்கிறது. மாதாமாதம் தடித்து, உதிர்ந்து, மாதவிடாயாக வெளியேறுவது அதுதான். சிசேரியன் செய்யும்போது அந்தப் படையின் சிறு துணுக்குகள் வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. ஒட்டிய இடத்திலேயே அது உயிரோடு இருந்து, ஒவ்வொரு மாதமும் கருப்பை செய்வதைத் தானும் செய்யும். வீங்கும், உள்ளே இரத்தம் கசியும், நோகும். ஆனால் வெளியேற வழியில்லை. அதனால் கட்டியாகிறது. ஒபரேஷன் முடிந்து சில மாதங்களிலும் வரலாம், பல வருடங்கள் கழித்தும் வரலாம். சிசேரியன் செய்தவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது. ஆனால் நம் நாட்டில் இப்போது மூன்று பிரசவத்துக்கு ஒன்றுக்கு மேல் சிசேரியன்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் மாதவிடாய் நாளில் மட்டும்தான் நோகும் என்றும் இல்லை. சிலருக்கு எந்த நேரமும் நோவு இருக்கும். ஆனாலும் "மாதத்தோடு கூடிக் குறைகிறது" என்ற ஒரு தகவல் கிடைத்துவிட்டால், டொக்டரின் மனம் உடனே சரியான பக்கம் திரும்பும். ஸ்கேன் செய்து கட்டி எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பிறகு கட்டியைச் சுற்றி நல்ல தசையையும் ஒரு சென்ரிமீற்றர் அளவு சேர்த்து வெட்டி எடுப்பார்கள். ஓரம் விடாமல் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வராது. ஹோர்மோன் மாத்திரை நோவைக் குறைக்கும், ஆனால் இந்தக் கட்டியைப் பெரும்பாலும் கரைத்துவிடாது. அந்தச் சகோதரி இப்போது நலமாக இருக்கிறார். ஒன்றரை வருட நோவு மட்டும் தேவையில்லாமல் அனுபவித்த நோவு.

தொப்புள்

இதே நோய் தொப்புளிலும் வரும். மாதவிடாய் நாட்களில் தொப்புள் கறுத்து வீங்கும், சிலருக்கு இரத்தமும் கசியும். 1886இல் வில்லார் என்ற வைத்தியர் இதை எழுதி வைத்ததால் வில்லார் முடிச்சு என்றே பெயர். இதுவும் புற்றுநோய் இல்லை. ஆனால் நம் ஊரில் தொப்புளில் இரத்தம் வருகிறது என்றால் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டு, அடுத்த நாளே பரிசாரியிடம் கூட்டிப் போவார்கள்.

தொப்புளில் வரும் இன்னொரு கட்டி இருக்கிறது. அது வேறு சாதி. கல் மாதிரி இறுக்கமாக இருக்கும், மாதத்தோடு கூடிக் குறையாது. வயிற்றுக்குள்ளே இரைப்பையிலோ சூலகத்திலோ குடலிலோ உள்ள புற்றுநோய், தொப்புள் வரை வந்துவிட்டது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். இதைக் கவனித்தவர் பெரிய டொக்டர் இல்லை, ஒரு தாதி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரொசெஸ்டர் என்ற ஊரில், வில்லியம் மேயோ என்ற சத்திரசிகிச்சை நிபுணருக்கு உதவியாக இருந்த சிஸ்டர் மேரி ஜோசப். ஒபரேஷனுக்கு முன் நோயாளிகளின் வயிற்றைக் கழுவித் துடைக்கும்போது, தொப்புளில் இறுகிய கட்டி உள்ளவர்களுக்கு உள்ளே நோய் பரவியிருப்பதை அவர் கண்டுகொண்டார். பிற்பாடு 1949இல் ஹமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய வைத்தியர் அந்தக் கட்டிக்கு அந்தத் தாதியின் பெயரையே வைத்தார். இன்றும் உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் அந்தப் பெயரில்தான் படிக்கிறார்கள்.

கையால் தொட்டுக் கழுவிய ஒரு பெண்ணின் கவனம் அது. நம் வீடுகளில் வயதான உம்மாவைக் குளிப்பாட்டும் மகள்மாருக்கும் மருமகள்மாருக்கும் அதே கண் வேண்டும். அதுவரை இல்லாத கட்டி, ஆறாத புண், நிறம் மாறிய தோல் கண்ணில் பட்டால் "வயசான காலத்தில இதெல்லாம் வரும்" என்று விட்டுவிடாதீர்கள்.

நெஞ்சில் வரும் பெண் நோய்

இதுதான் பலருக்கும் நம்ப முடியாதது. மூச்சு முட்டி நெஞ்சு டொக்டரிடம் போகிற பெண்ணின் நோய்க்கான காரணம் அடிவயிற்றில் இருக்கலாம்.

சில பெண்களுக்கு மாதவிடாய் தொடங்கி மூன்று நாட்களுக்குள் நெஞ்சில், பெரும்பாலும் வலது பக்கத்தில், நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொள்ளும். குத்து எடுக்கும், மூச்சு எடுக்க ஏலாது. குழாய் போட்டுக் காற்றை எடுத்தால் சரியாகும். சில மாதம் கழித்து மறுபடி வரும். மேலே சொன்ன அதே எண்டோமெட்ரியோசிஸ் நெஞ்சறை வரை போயிருப்பதுதான் பலருக்கு இதற்குக் காரணம். திகதியைக் குறித்து வைத்திருக்கும் பெண்ணால் மட்டுமே இந்தத் தொடர்பைக் காட்ட முடியும்.

இன்னும் சிலருக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கோர்க்கும். நம் பக்கத்தில் நீர் என்றால் முதலில் காசநோய் என்ற சந்தேகம் வரும், அல்லது "முற்றிய கென்சர்" என்று வீட்டார் கைவிட்டுவிடுவார்கள். சூலகத்தில் வரும் ஒருவகைச் சாதாரணக் கட்டியும் இப்படி நீர் கோர்க்க வைக்கும் என்று 1937இல் மீக்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் காட்டினார். அந்தக் கட்டியை எடுத்துவிட்டால் நெஞ்சு நீரும் தானாக வற்றிவிடும். சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனை கூடுதலாக வந்தால் புற்றுநோய்தான் என்று இணையத்தில் பார்த்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸிலும் அது கூடும், வயிற்றுக் காசநோயிலும் கூடும், மீக்ஸ் சொன்ன கட்டியிலும் கூடும். ஒரு இலக்கத்தை வைத்து யாருடைய ஹயாத்தையும் நாம் முடித்துவிடக் கூடாது.

மூன்றாவது வகையில் தாமதம் உயிருக்கே ஆபத்து. கரு கலைந்த பிறகோ, முத்துக்கர்ப்பம் என்று சொல்லும் பிள்ளை உருவாகாத கர்ப்பத்துக்குப் பிறகோ, சில நேரம் சாதாரணப் பிரசவத்துக்குப் பிறகோ கூட, சூல்வித்தகத் திசுவிலிருந்து ஒரு புற்றுநோய் உருவாகலாம். கோரியோகார்சினோமா என்று பெயர். அது இரத்தத்தோடு கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போகும். இருமலில் இரத்தம், திடீர்த் தலையிடி, வலிப்பு என்று வரும். அப்படி வந்த இளம் பெண்ணிடம் "அண்மையில் கர்ப்பம் இருந்ததா?" என்று கேட்டு, கர்ப்ப ஹோர்மோனான எச்.சி.ஜி.யை இரத்தத்தில் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மருந்தால் குணமாகும் புற்றுநோய்களில் இதுவே முன்னணியில் நிற்கிறது. 1956இல் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியு லீயும் ரோய் ஹேர்ட்ஸும் மெதோட்ரெக்சேற் என்ற மருந்தால் இதைக் குணப்படுத்திக் காட்டினார்கள். இன்று நேரத்தோடு பிடித்தால் ஏறக்குறைய எல்லோருமே பிழைக்கிறார்கள். கருப்பையை எடுக்காமலே குணமாகி, பிறகு பிள்ளை பெற்றவர்களும் நிறைய.

ஆனால் நம் வீடுகளில் கரு கலைந்ததை மறைக்கிறார்கள். "கண்ணூறு படும்", "மாமி வீட்டில் கதைப்பாங்க" என்று மூடி வைக்கிறார்கள். ஊராருக்குச் சொல்ல வேண்டாம். டொக்டருக்குச் சொல்லத்தான் வேண்டும். முத்துக்கர்ப்பம் என்று சொல்லப்பட்டவர்கள், கிளினிக்கில் சொல்லும் திகதிகளில் இரத்தம் கொடுத்து எச்.சி.ஜி. பூச்சியத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவர்கள் சொல்லும் வரை அடுத்த கர்ப்பத்தைத் தள்ளி வைக்க வேண்டும். "இப்ப சுகமா இருக்கேன்" என்று இடையில் நிறுத்துவதுதான் ஆபத்து.

மறைவிடம்

எழுதவே கூச்சமான பகுதி. ஆனால் கூச்சத்துக்கு ஆக அதிக விலை கொடுப்பது இங்கேதான்.

பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் நீண்ட நாள் அரிப்பு, வெள்ளைத் திட்டு, தடிப்பு, ஆறாத புண், சிறு கட்டி. பாமசியில் ஒரு கிறீம் வாங்கிப் பூசுவார்கள். குறைந்தது போல இருக்கும், மறுபடி வரும். இன்னொரு கிறீம். இப்படியே இரண்டு மூன்று வருடம் போய்விடும். பெரும்பாலானவை பங்கசும் ஒவ்வாமையும்தான். வெள்ளைத் திட்டு உள்ள லைக்கன் ஸ்கிலெரோசஸ் என்ற தோல் நோயும் இருக்கிறது. அதற்கென்று உள்ள பூச்சு மருந்தை ஒழுங்காகப் பூசினால் கட்டுக்குள் நிற்கும். பார்க்காமல் விட்டால் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடும். பேஜட் என்ற இன்னொரு நோய் பார்வைக்கு வெறும் கரப்பான் மாதிரியே இருக்கும். தோலில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதித்தால் தவிர யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வாயில் ஓரத்தில் வரும் பார்தொலின் சுரப்பி வீக்கமும் அப்படித்தான். இளம் பெண்களில் அது பெரும்பாலும் சாதாரண நீர்க்கட்டி, அல்லது சீழ்க்கட்டி. நாற்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தால், வெறுமனே கீறிச் சீழ் எடுத்துவிட்டு அனுப்பாமல், துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. அந்தச் சுரப்பியில் வரும் புற்றுநோய் மிக அரிது. ஆனால் அதையும் முதலில் சாதாரணக் கட்டி என்றுதான் நினைப்பார்கள்.

மாதவிடாய் நின்று பல வருடம் ஆன நம் மூத்தம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. "இனி நமக்கு அந்த இடத்தில என்ன நோய்?" என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்துப் புற்றுநோய் கூடுதலாக வருவது வயதானவர்களுக்குத்தான்.

வெட்டுவதற்கு முன், வெட்டிய பின்

கட்டி எந்த இடத்தில் என்றாலும் மூன்று விடயங்களை நாம் நோயாளியின் பக்கம் நின்று கேட்க வேண்டும்.

ஒன்று. "வெட்டுவதற்கு முன் ஸ்கேன் செய்யத் தேவையா?" என்று கேளுங்கள். மேலே சிறிதாகத் தெரிகிற கட்டியின் வேர் ஆழத்தில் இருக்கலாம். சின்னக் கட்டிதானே என்று கீறினால், பாதி உள்ளே நின்று திரும்ப வளரும். இரண்டாவது ஒபரேஷன் முதலாவதை விடக் கஷ்டம்.

இரண்டு. வெட்டியெடுத்த துண்டு ஆய்வுகூடத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். பயொப்சி ரிப்போர்ட் வராத ஒபரேஷன் பாதி ஒபரேஷன்தான். கண்ணால் பார்த்து "கொழுப்புக்கட்டி" என்று சொல்லப்பட்டது, நுணுக்குக்காட்டியின் கீழ் வேறாக இருக்கலாம். சூலகத்தில் இருக்கும் கட்டி சூலகத்தில் பிறந்ததாகவும் இருக்கலாம், இரைப்பையிலிருந்து வந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம். 1896இல் குறூக்கன்பேர்க் என்ற ஜேர்மன் வைத்தியர் சூலகத்திலேயே பிறந்தது என்று நினைத்து எழுதிய கட்டி, பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வந்தது என்று பிறகுதான் விளங்கியது. எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே மருந்து. அரிதான கட்டி என்றால் ஆய்வுகூடத்தில் விசேட சாயங்கள் போட்டுப் பார்ப்பார்கள், இன்னொரு நிபுணரிடமும் கேட்பார்கள். சில கிழமை எடுக்கும். கவுண்டரில் சண்டை பிடிக்க வேண்டாம், ஆனால் ரிப்போர்ட்டை எடுக்காமலும் விட வேண்டாம். எடுத்த ரிப்போர்ட்டைக் காணி உறுதி போலப் பாதுகாத்து வையுங்கள்.

மூன்று. "கத்தி பட்டால் கென்சர் பரவும்" என்று பயந்து ஓடாதீர்கள். இந்தக் கதையால் நேரம் போய், நோய் முற்றியவர்களே ஊரில் அதிகம். உண்மையில் ஊசி குத்தக் கூடாத கட்டிகளும் உண்டு. சூலகக் கட்டி சந்தேகத்துக்குரியது என்றால் பெரும்பாலும் குத்தாமல் முழுதாக எடுக்கப் பார்ப்பார்கள். கோரியோகார்சினோமாவில் துண்டு எடுத்தால் இரத்தம் பெருகும் என்பதால் இரத்தப் பரிசோதனையை வைத்தே மருந்து தொடங்குவார்கள். எங்கே குத்தலாம், எங்கே குத்தக் கூடாது என்பது நிபுணருக்குத் தெரிந்த விடயம். அதைத் தேநீர்க் கடையில் முடிவு செய்ய ஏலாது.

அரிதான நோய்க்கு, அந்த நோயைக் கண்டு பழகிய இடமே சிறந்தது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது. "அங்க அனுப்பினா மௌத்துதான்" என்று பேசுகிறவர்களின் வாயை அடைக்க வேண்டியது நம் கடமை. அங்கே அனுப்புவது வாழ வைப்பதற்காக.

வெட்கமும் மார்க்கமும்

"பெண் டொக்டர் இல்லை, அதனால காட்டல்ல." இந்தப் பதில் அடிக்கடி வருகிறது. இதை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. பெண் டொக்டரைக் கேட்பது நம் பெண்களின் உரிமை. ஆண் டொக்டர் பார்க்கும்போது தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், திரை போட வேண்டும், தேவையான இடத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று கேட்பதும் உரிமைதான். கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். ஆனால் பெண் டொக்டர் கிடைக்கும் வரை என்று மாதக் கணக்கில் தள்ளிப் போடுவது மார்க்கம் சொன்னதல்ல. நிர்ப்பந்தம் வரும்போது, தேவையான அளவுக்குச் சிகிச்சைக்காக அவ்ரத்தைக் காட்டலாம் என்று நம் உலமாக்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் போர்க்களங்களில் காயப்பட்ட ஆண்களுக்குப் பெண்கள் மருந்திட்டிருக்கிறார்கள். ருபைய்யி பின்த் முஅவ்வித் (ரழி) அவர்களே அதை அறிவித்திருக்கிறார்கள்.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் பெண்ணின் குளிப்புக் கடமையாவது பற்றி நேரடியாக நபியவர்களிடமே வந்து கேட்டார்கள். மார்க்கத்தைக் கற்க வெட்கம் தடையாகவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்தார்கள். அந்தப் பெண்களை விட நாம் வெட்கமுள்ளவர்களா? வாயைக் கட்டிப்போடும் இந்தக் கூச்சத்தை நாம் ஊர் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு, மார்க்கத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறோம்.

ஓதிப் பார்ப்பதையும் யாரும் தடுக்கவில்லை. துஆ முஃமினின் ஆயுதம். ஓதிய தண்ணீரையும் குடிக்கட்டும், கிளினிக் திகதிக்கும் போகட்டும். ஒன்றைச் சொல்லி மற்றதைத் தடுப்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

மொழி என்ற இன்னொரு சுவர்

மஹரகமவுக்கோ கொழும்புக்கோ போகிற நம் பெண்களில் பலருக்குச் சிங்களம் வராது. கணவர் மொழிபெயர்ப்பார். அவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால் மகன் மொழிபெயர்ப்பான். மகன் வழியாகத் தன் மறைவிட நோயைச் சொல்ல எந்த உம்மாவாலும் முடியாது. "வயித்து நோ" என்று சுருக்கிச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். டொக்டரும் வயிற்று வலிக்கு மருந்து எழுதி அனுப்புவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் காதுக்கு வந்தது அவ்வளவுதான்.

இதற்கு வழி இருக்கிறது. ஊரில் சிங்களம் தெரிந்த பெண் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் போனவர்கள், ஆசிரியைமார், வங்கியில் வேலை செய்பவர்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நாள் துணை போவதை அவர்கள் ஸதகாவாக நினைக்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு தாளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவித்துக் கையில் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்:

- கட்டி அல்லது புண் எந்த இடம், எப்போது தொடங்கியது, வளர்கிறதா
- மாதவிடாய் நாட்களில் கூடுகிறதா, கடைசி மாதவிடாய் எந்தத் திகதி, மாதவிடாய் நின்றவர் என்றால் பிறகு இரத்தம் பட்டதா
- எத்தனை பிரசவம், எத்தனை சிசேரியன், கரு கலைந்ததா, எப்போது
- முன்பு செய்த ஒபரேஷன், அதன் பயொப்சி ரிப்போர்ட்
- இதுவரை பூசிய கிறீம், குடித்த மருந்து, நாட்டு மருந்து உட்பட
- குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய்

இந்த ஒரு தாள் டொக்டருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

யார் என்ன செய்யலாம்

கணவன்மார்களே, மனைவி "அங்க ஒரு கட்டி இருக்கு" என்று சொன்னால் அதைச் சொல்ல அவள் எத்தனை நாள் யோசித்திருப்பாள் என்று நினையுங்கள். "பார்ப்பம்" என்று சொல்லாதீர்கள். அந்தக் கிழமையே கூட்டிப் போங்கள். டொக்டரின் அறைக்குள் சில நிமிடமாவது அவளைத் தனியாகப் பேச விட்டு வெளியே நில்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பணத்தோடு சேர்த்து "என்ட அனுமதி இருக்கு, போய்க் காட்டு" என்ற வார்த்தையையும் அனுப்புங்கள். பல பெண்கள் காத்திருப்பது அந்த வார்த்தைக்காகத்தான்.

மாமிமார்களே, உங்கள் காலத்தில் பேச ஆளில்லாமல் நீங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மருமகளுக்கு அது வேண்டாம்.

பள்ளிவாசல் நிருவாகிகளே, ஒரு நோயாளி மஹரகம போய் வர பஸ் காசு, தங்குமிடம், சாப்பாடு வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், பயணம் இலவசமில்லை. இதற்கென்று ஒரு சிறு நிதி ஒதுக்க முடியுமா, வசதியற்ற நோயாளிக்கு ஸகாத் நிதியிலிருந்து கொடுக்கலாமா என்று உலமாக்களோடு பேசி முடிவெடுங்கள். பெண்கள் மத்ரஸாவில் ஹைழ் பாடம் நடக்கும்போது, வழமையில்லாத இரத்தம் என்றால் தொழுகைச் சட்டத்தோடு சேர்த்து "டொக்டரிடமும் காட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கலாம்.

வைத்தியர்களே, நம் ஊர்ப் பிள்ளைகளாக இருந்து வந்தவர்கள் நீங்கள். நெஞ்சு நோவோடு வந்தாலும், தழும்புக் கட்டியோடு வந்தாலும், மாதவிடாய் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். வரிசையில் நிற்கும் இருபது பேருக்குக் கேட்கும்படி கேட்காதீர்கள்.

பெற்றோர்களே, 2017 முதல் நாட்டில் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு தடவையாக இலவசமாகப் போடப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு, மறைவிடத்தில் வரும் புற்றுநோய்கள் சிலவற்றுக்கும் காரணம் அதே வைரஸ்தான். "பிள்ளை பிறக்காமல் போகும்" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் பொய்யை நம்பிச் சம்மதக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள்.

முப்பத்தைந்து வயதைத் தொட்ட சகோதரிகளே, ‘வெல் வுமன் கிளினிக்’ என்று சொல்லும் சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் இந்த நாட்டில் நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள், அல்லது உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். அரிதான எல்லா நோயையும் அங்கே பிடித்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கதவை மூடி, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் வெட்கமில்லாமல் பேசக்கூடிய இடம் அது. அங்கே ஆரம்பிக்கும் பேச்சு சரியான நிபுணரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கட்டி என்றாலே புற்றுநோய் இல்லை. மேலே எழுதியவற்றில் பாதிக்கு மேல் புற்றுநோயே அல்ல. புற்றுநோயாக இருந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று இல்லை. ஆனால் எது என்று தெரிந்துகொள்ள அவள் பேச வேண்டும், நாம் கேட்க வேண்டும்.

இந்தப் பதிவைப் பெண்கள் குழுமங்களில் மட்டும் போடாமல், உங்கள் குடும்ப வட்ஸ்அப்பிலும் போடுங்கள். வாசிக்கத் தெரியாத உம்மாமாருக்கு வாசித்துக் காட்டுங்கள். வைத்தியத் துறையில் உள்ளவர்கள் திருத்தமோ மேலதிக விளக்கமோ இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்த்துக்கொள்வோம். யாருக்காவது துணை தேவைப்பட்டால் பகிரங்கமாக எழுத வேண்டாம், உள்பெட்டியில் சொல்லுங்கள். அனுபவமுள்ள ஆசிரியை ஒருவரோடு தொடர்புபடுத்தி விடுவோம், இன்ஷா அல்லாஹ்.

நோயோடு இருக்கும் நம் எல்லாப் பெண்களுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைக் கொடுப்பானாக. ஆமீன்.